கால் வீக்கத்துக்காக நுரையீரல் பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 54 வயது. நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று போனபோது, புதுச்சேரியில் கத்தீட்டர் பரிசோதனை (மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி அழுத்தத்தை அளப்பது) செய்து, நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் அதிகம், காரணம் தெரியாத வகை என்று சொல்லியிருக்கிறார்கள். டடாலஃபில் 40 மில்லிகிராம், ஆம்ப்ரிசென்டான் 5 மில்லிகிராம், கூடவே நீர் மாத்திரை. போன மாதம் ஆம்ப்ரிசென்டானை 10 ஆக்கினார்கள். அதிலிருந்து கணுக்கால் வீக்கம், மூக்கடைப்பு, தலைவலி. ஹீமோகுளோபின் 12.4-லிருந்து 11.3-க்கு இறங்கிவிட்டது. நடப்பது மட்டும் முன்பைவிடப் பரவாயில்லையாம். அத்தை ஒருவர் "மாத்திரைதான் உடம்பைக் கெடுக்குது, நிறுத்திப் பாருங்க" என்கிறார். அப்பாவும் ஸ்டென்ட் வைத்த இதய நோயாளி. அடுத்த ஓபி மூன்று வாரம் கழித்துத்தான். நிறுத்தலாமா என்பதுதான் கேள்வி.

தம்பி, நேரடியாகவே சொல்கிறேன்: நிறுத்த வேண்டாம். ஒரு வேளைகூட நீங்களாக விட வேண்டாம். அதே சமயம், "இந்த மருந்துக்கு இப்படித்தான் இருக்கும்" என்று அம்மா மூன்று வாரம் பொறுத்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம். வீக்கம் மருந்தால் வந்திருக்கலாம், நோய் முற்றுவதாலும் வந்திருக்கலாம். காலைப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்தால் வந்தது என்று நினைத்து நிறுத்தினால் நோய் பாயும். நோயால் வந்ததை மருந்தின் பக்கவிளைவு என்று நினைத்துச் சும்மா இருந்தாலும் நோய் பாயும். அதனால் நாளைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லுங்கள். போனில் யாரும் கிடைக்காவிட்டால் ஓபி நாளுக்குக் காத்திராமல் நேரில் போய்விடுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி ஒரு மணி நேரப் பயணம்தான்.

நான் இதய நோய்ப் பிரிவில் மருந்துகளைக் கவனிக்கும் மருந்தாளுநர். மருத்துவர் இல்லை, அம்மாவைப் பார்த்ததும் இல்லை. ஆகவே டோஸைக் கூட்டு, குறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மாத்திரைகள் எங்கே எப்படிச் சிக்கல் கொடுக்கும் என்பது என் வேலை. அதை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் வீட்டில் எல்லோருக்கும் ஒன்று தெரிய வேண்டும். இது கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் இல்லை. இதயத்தின் வலது பக்கத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் இருக்கிற அழுத்தம். அதன் சராசரி 20 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டினால் நோய் என்று 2022-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கு முன் 25 என்று வைத்திருந்தார்கள். வலது இதயத்தின் சுவர் மெல்லியது. அதிக அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளி அது தளர்ந்துபோவதுதான் இந்த நோயில் உயிருக்கு ஆபத்து. கையில் பார்க்கும் பிரஷர் அம்மாவுக்கு 100-க்கு 60 என்றுகூட இருக்கலாம். "பிரஷர் நார்மல்தானே, எதுக்கு மாத்திரை" என்று யாராவது சொன்னால் அவர்கள் வேறு பிரஷரைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இப்போது அம்மாவின் நான்கு தொல்லைகளுக்கு வருகிறேன். இதே இரண்டு மருந்துகளை ஆரம்பத்திலிருந்தே சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று 'ஆம்பிஷன்' என்ற பெரிய ஆய்வில் பார்த்தார்கள். 500 நோயாளிகளின் கணக்கு, 2015-ல் வெளிவந்தது. இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 45 சதவீதம் பேருக்குக் கால் வீக்கம், 42 சதவீதம் பேருக்குத் தலைவலி, 21 சதவீதம் பேருக்கு மூக்கடைப்பு, 15 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நீங்கள் எழுதியிருக்கும் நான்கும் அப்படியே அதில் இருக்கின்றன. அதே ஆய்வின் இன்னொரு கணக்கையும் அத்தையிடம் சொல்லுங்கள். இறப்பு, நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வது, மருந்துக்கு நோய் கட்டுப்படாமல் போவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே மருந்து சாப்பிட்டவர்களில் 31 சதவீதம் பேருக்கு அப்படி நடந்தது. இரண்டும் சாப்பிட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு. தொல்லை கூடுதல், ஆனால் நோய் கட்டுப்படுவதும் கூடுதல். அம்மா முன்பைவிட நன்றாக நடக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு உங்கள் கேள்வியிலேயே நல்ல செய்தி அதுதான்.

ஹீமோகுளோபினைப் பற்றி முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். ஆம்ப்ரிசென்டான், போசென்டான், மேசிடென்டான் மூன்றும் ஒரே குடும்பம். எண்டோதீலின் என்று ரத்தக்குழாயை இறுக்குகிற ஒரு பொருள் நம் உடம்பிலேயே சுரக்கிறது. 1988-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அதன் வேலையைத் தடுப்பவை இந்த மாத்திரைகள். தடுக்கும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் நீர் கூடுவதால் ஹீமோகுளோபின் நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியும். மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய முதல் சில வாரங்களில் ஒரு கிராம் அளவுக்கு இறங்கி நின்றுவிடுவது வழக்கம். அம்மாவுக்கு இறங்கியது 1.1. ஆனாலும் இரும்புச் சத்தைப் பார்க்க ஃபெரிட்டின் பரிசோதனை கேளுங்கள்; இந்த நோயாளிகளுக்கு இரும்புக் குறைவு அடிக்கடி இருக்கும், அது தனியாகவே மூச்சு வாங்க வைக்கும். 10-க்குக் கீழே தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ அது நீர்த்த கதை இல்லை. வேறு எங்கோ ரத்தம் போகிறது என்று தேட வேண்டும்.

தலைவலி டடாலஃபில், ஆம்ப்ரிசென்டான் இரண்டாலும் வரலாம். தலையில் உள்ள ரத்தக்குழாய்களையும் அவை விரிக்கின்றன. பாராசிட்டமால் போதும், நிறையப் பேருக்கு ஓரிரு வாரத்தில் தணிந்துவிடும். இடுப்பு வலி, தசை வலி, நெஞ்செரிச்சலும் டடாலஃபிலால் வரும். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று கெடுக்கிறது. வலி என்றதும் பக்கத்து கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் ஊசி, இல்லையென்றால் மெடிக்கலில் அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென். இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி, நீர் மாத்திரையின் வேலையையும் கெடுத்துவிடும். வீக்கத்தோடு இருக்கும் அம்மாவுக்கு அது கூடவே கூடாது.

மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு மருந்து போடுங்கள். உடனே மூக்கைத் திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை நாள் கணக்கில் போட்டால் அடைப்பு இன்னும் மோசமாகும். ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மாத்திரை ரத்தக்குழாயை இறுக்கும் ஜாதி. வேண்டாம்.

சரி, வீக்கம். இதில்தான் நிதானம் வேண்டும்.

மருந்தால் வரும் வீக்கம் டோஸைக் கூட்டிய சில வாரங்களுக்குள் வரும், இரண்டு காலிலும் சமமாக இருக்கும், சாயங்காலம் கூடிக் காலையில் குறையும். முக்கியமாக, மூச்சும் நடையும் கெடாது. வலது இதயம் தளர்வதால் வரும் வீக்கம் வேறு துணைகளோடு வரும்: வயிறு உப்பும், புடவைக் கட்டு இறுகும், பசி போகும், வலது விலாவுக்குக் கீழே கனக்கும், உட்கார்ந்திருக்கும்போதே கழுத்து நரம்பு புடைத்துத் தெரியும், நடக்கும் தூரம் குறையும். உங்கள் விவரிப்பு முதல் வகை மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் சேர்ந்தே வரலாம், அதனால்தான் எக்கோவும் என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள் என்கிறேன். இதயத்தின் மேல் எவ்வளவு சுமை இருக்கிறது என்பதை அந்தப் பரிசோதனை எண்ணாகக் காட்டும். முன்பு எடுத்த எண் பழைய சீட்டில் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்; ஒற்றை எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் மருத்துவருக்குப் பேசும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் இந்த இரண்டுமே இல்லை. ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

வீட்டில் ஒரு எடை மெஷின் வாங்கிவிடுங்கள். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடிக்கும் முன் அம்மா ஏறி நிற்கட்டும். எடையை நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சாப்பாட்டால் வந்த சதை இல்லை, தண்ணீர். உடனே தெரிவிக்க வேண்டும். ஓபியில் "கொஞ்ச நாளா வீக்கம்" என்று சொல்வதைவிட அந்த நோட்டை நீட்டினால் பாதி வேலை முடிந்துவிடும்.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். முதுநகரில் இருந்துகொண்டு கருவாட்டை விடுங்கள் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வேளை கருவாட்டுக் குழம்பில் இருக்கும் உப்பு ஒரு நீர் மாத்திரையின் பலனைத் தின்றுவிடும். ஊறுகாய், அப்பளம், வற்றல், கடைச் சிப்ஸ் எல்லாம் இதே கணக்கு. புது மீன் தாராளமாகச் சாப்பிடலாம், அந்த விஷயத்தில் உங்கள் ஊருக்குக் குறைச்சலே இல்லை.

நீர் மாத்திரையையும் நீங்களாகக் கூட்டாதீர்கள். வலது இதயத்துக்கு நிரம்பி வர ஓரளவு ரத்தம் வேண்டும். அளவுக்கு மீறி வற்ற வைத்தால் பிரஷர் விழுந்து மயக்கம் வரும், சிறுநீரகமும் அடிபடும். பொட்டாசியம் சில நீர் மாத்திரைகளால் இறங்கும், ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையால் ஏறும். இரண்டுமே இதயத் துடிப்பைக் குழப்பும். கத்திரி வெயிலிலோ, வாந்தி பேதி வந்த நாளிலோ வழக்கமான நீர் மாத்திரையே அதிகமாகிவிடலாம். அந்த மாதிரி நாளில் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்வியில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்த வரிக்கு வருகிறேன். அது அம்மாவின் கால் இல்லை, அப்பாவின் ஸ்டென்ட்.

ஸ்டென்ட் வைத்தவர் வீட்டில் பெரும்பாலும் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஒன்று இருக்கும். சார்பிட்ரேட் என்று எல்லோருக்கும் தெரிந்தது, ஐசோசார்பைட் என்ற நைட்ரேட் மருந்து. நுரையீரல் பிரஷர் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி வருவது சாதாரணம். வலது இதயம் கஷ்டப்படும்போது வலிக்கும். அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், பாசத்தில் யாராவது அப்பாவின் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அம்மாவின் நாக்குக்கு அடியில் வைத்துவிடுவார்கள். அது கொலை செய்வதற்குச் சமம். நைட்ரேட் மருந்துகள் உடம்பில் ரத்தக்குழாயை விரிக்கும் ஒரு பொருளை உண்டாக்கும். டடாலஃபில் அதே பொருள் அழியாமல் காக்கும். ஒன்று குழாயைத் திறந்துவிடுகிறது, இன்னொன்று அதை மூட விடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் அதல பாதாளத்துக்குப் போகும். சாதாரண ஆளே சுருண்டு விழுவார். பிரஷர் விழுந்தால் ஏற்கெனவே திணறும் வலது இதயத்துக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகும்.

டடாலஃபில் சாப்பிட்ட பிறகு 48 மணி நேரம் வரை நைட்ரேட் கொடுக்கக் கூடாது. அம்மா தினமும் சாப்பிடுவதால் எப்போதுமே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். டடாலஃபிலின் குடும்பத்தைச் சேர்ந்த சில்டெனாஃபில் சாப்பிடுபவர்களுக்கு 24 மணி நேரம். அவர்களும் தினமும் சாப்பிடுவதால் அதே முடிவுதான். நைட்ரோகிளிசரின் ஸ்பிரே, நிகோரண்டில் மாத்திரையும் இந்தப் பட்டியலில் சேரும். அப்பாவின் மருந்தை இன்றைக்கே வேறு அலமாரிக்கு மாற்றுங்கள். அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லுங்கள். ஒரு அட்டையில் "நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்த நோயாளி. தினமும் டடாலஃபில் சாப்பிடுகிறார். நைட்ரேட் கொடுக்கக் கூடாது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அம்மாவின் பர்ஸில் வையுங்கள். 108 ஆம்புலன்ஸில் வருபவருக்கும், இரவு டியூட்டி மருத்துவருக்கும் நெஞ்சு வலி என்றாலே முதலில் ஞாபகம் வருவது மாரடைப்புதான். அவர்கள் மேல் குற்றம் இல்லை, நாம்தான் முந்திச் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயத்தைக் கூச்சப்படாமல் பேசிவிடுவோம். சில்டெனாஃபிலும் டடாலஃபிலும் ஆண்மைக் குறைவுக்கும் தரப்படுபவை. மெடிக்கல் ஷாப்பில் சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு மாதிரி பார்ப்பார்கள், அல்லது படித்த பிள்ளை ஒருவர் இணையத்தில் தேடிவிட்டு "இது பொம்பளைங்களுக்கான மாத்திரையே இல்லை" என்பார். அந்த வெட்கத்தில் மாத்திரையை நிறுத்திய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டப்படும். அமெரிக்காவில் சில்டெனாஃபிலை நுரையீரல் பிரஷருக்கு 2005-லும் டடாலஃபிலை 2009-லும் முறைப்படி அனுமதித்தார்கள். ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் இந்த நோயில் இது முறையான மருந்து. அம்மாவுக்கு இதை நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள்; வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

அடுத்து, மற்ற மருத்துவர்கள் எழுதும் மருந்து. இந்த மாத்திரைகளில் பல கல்லீரலில் ஒரே வழியாகத்தான் கரைகின்றன. அந்த வழியை அடைக்கும் மருந்து சேர்ந்தால் டோஸ் ஏறினது மாதிரி ஆகும். வழியை அகலமாக்கும் மருந்து சேர்ந்தால் மாத்திரை சாப்பிட்டும் சாப்பிடாதது மாதிரி. நம் கடற்கரைப் புழுக்கத்தில் படர்தாமரை இல்லாத வீடு குறைவு. அதற்கு வாரக்கணக்கில் இட்ரகோனசோல் மாத்திரை எழுதுவார்கள். டடாலஃபில், சில்டெனாஃபிலோடு அது சேரக் கூடாது, ரத்தத்தில் மருந்தின் அளவு பல மடங்கு ஏறிவிடும். தோல் மருத்துவரிடம் சொன்னால் களிம்போ வேறு மருந்தோ தருவார். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அதே ஜாதி.

எதிர்ப்பக்கம் ரிஃபாம்பிசின், காசநோய் மருந்து. அது டடாலஃபிலின் அளவை 88 சதவீதம் குறைத்துவிடும். மேசிடென்டானையும் ஏறத்தாழ அதே மாதிரி அடிக்கும். காசநோய் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது, போடவும் கூடாது. ஆனால் அந்த மருந்து தொடங்கும் அன்றே இதய மருத்துவருக்குத் தெரிய வேண்டும். இரண்டு இடத்திலும் தனித்தனிச் சீட்டு, இவருக்கு அது தெரியாது, அவருக்கு இது தெரியாது என்ற நிலைதான் ஆபத்து. எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், எல்லாச் சீட்டையும் ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள்.

போசென்டான் சாப்பிடும் மற்றவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் கல்லீரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குடும்பத்தில் கல்லீரலை அதிகம் தொந்தரவு செய்வது போசென்டான்தான்; ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கல்லீரல் என்சைம்கள் இயல்பின் உச்ச வரம்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஏறும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இறங்கிவிடும், ஆனால் அதைக் கண்டுபிடிக்க மாதாமாதம் லிவர் டெஸ்ட் எடுத்தாக வேண்டும். ஏறுவது வெளியே தெரியாது, பரிசோதனையில்தான் தெரியும். இதே குடும்பத்தில் சிடாக்சென்டான் என்ற மருந்தை, உயிரைப் பறித்த கல்லீரல் பாதிப்பால் 2010-ல் உலகம் முழுக்க விலக்கிக்கொண்டார்கள். ஆம்ப்ரிசென்டானில் இந்தப் பயம் குறைவு. கட்டாய மாதாந்தரப் பரிசோதனையை அமெரிக்காவில் 2011-லேயே எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் கண் மஞ்சளாவது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, அரிப்பு, குமட்டல் வந்தால் காமாலைக்கு நாட்டு மருந்து கொடுக்கும் இடத்துக்கு ஓடாதீர்கள். கீழாநெல்லியைக் குடித்துக்கொண்டே போசென்டானையும் விழுங்கிக்கொண்டிருந்தால் காரணம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். மாத்திரை எழுதியவரிடம் அன்றைக்கே போக வேண்டும்.

போசென்டானோடு சர்க்கரை மாத்திரை கிளிபென்கிளமைடு சேரவே கூடாது. ஃப்ளூகோனசோல் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குப் போசென்டான் அதன் பலத்தைக் குறைக்கும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும். சில்டெனாஃபிலின் அளவையும் அது இறக்கும். கருத்தடை மாத்திரையின் பலத்தையும் இறக்கும், இது சின்ன வயதுப் பெண்களுக்கு மிக முக்கியம். போசென்டான், ஆம்ப்ரிசென்டான், மேசிடென்டான், இதே நோய்க்குத் தரும் வேறு வகை மருந்தான ரியோசிகுவாட் நான்கும் கருவில் இருக்கும் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கக்கூடியவை. நுரையீரல் பிரஷரோடு கர்ப்பமாவதே தாயின் உயிருக்குப் பெரிய ஆபத்து. "ஒரு குழந்தை பிறந்தா எல்லாம் சரியாகிடும்" என்று மாமியார் வீட்டில் சொல்வதைக் கேட்டு மருந்தை நிறுத்திவிட்டு வரும் பெண்களைப் பற்றி நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. கணவனையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். ரியோசிகுவாட்டை டடாலஃபில், சில்டெனாஃபிலோடு ஒரு நாளும் சேர்க்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்குக் கத்தீட்டர் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தியிருக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. எக்கோவில் பிரஷர் கூடுதல் என்று பார்த்ததுமே சில்டெனாஃபில் தொடங்குவது நம் பக்கம் நடக்கிறது. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்களுக்கும் நுரையீரல் பிரஷர் ஏறும், ஆனால் காரணம் இடது பக்க வால்வு. அதற்கு வழி பலூன் வைத்து வால்வை விரிப்பது, அல்லது அறுவை. வால்வு சரிசெய்த பிறகும் பிரஷர் குறையாதவர்களுக்குச் சில்டெனாஃபில் கொடுத்துப் பார்த்த சியோவாக் என்ற ஸ்பெயின் ஆய்வில், மருந்து சாப்பிட்டவர்கள்தான் மோசமானார்கள். நுரையீரல் தழும்பேறிய நோயாளிகளுக்கு ரியோசிகுவாட் கொடுத்த ஆய்வை, இறப்பு கூடியதால் 2016-ல் பாதியில் நிறுத்தினார்கள். ஆம்ப்ரிசென்டானும் அந்த நோயில் கூடாது. நுரையீரல் ரத்தக்குழாயில் பழைய ரத்தக்கட்டி தங்கியதால் வரும் வகைக்கு அறுவை சிகிச்சையே முதல் வழி. ஆக, எந்த வகை என்று பிரிக்காமல் தொடங்கிய மருந்து தானே ஒரு சிக்கல். "எனக்கு எந்த வகை, எப்படி உறுதிசெய்தீர்கள்" என்று கேட்பது நோயாளியின் உரிமை.

அரிதான ஒன்று, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்: நுரையீரலின் சின்னச் சின்னச் சிரைகள் அடைபடும் வகை. வெளியில் அம்மாவுக்கு இருக்கும் வகை மாதிரியே தெரியும். இந்த மருந்துகளால் உள்ளே வரும் ரத்தம் கூடும், வெளியேறும் வழி அடைத்திருக்கும், நுரையீரலில் நீர் கோக்கும். மருந்து தொடங்கியதும் அல்லது கூட்டியதும் மூச்சு திடீரென்று மோசமாகி, படுக்க முடியாமல், நுரை நுரையாகச் சளி வந்தால் எடை நோட்டெல்லாம் பார்க்க வேண்டாம். நேரே அவசரப் பிரிவு. மயங்கி விழுவது, இருமலில் ரத்தம், உதடு நீலமாவது, தலைசுற்றலோடு படபடப்பு, திடீரென ஒரு கண்ணில் பார்வை போவது, காது கேட்காமல் போவது, இவையும் அப்படித்தான். கடலூர் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைதான் பக்கம் என்றால் முதலில் அங்கேயே போங்கள், அங்கிருந்து ஜிப்மருக்கோ வேறு இடத்துக்கோ அனுப்புவது அவர்கள் முடிவு செய்யட்டும். அந்த அட்டையை மட்டும் மறக்காதீர்கள்.

கடைசியாக, நிறுத்துவதைப் பற்றி. இந்த மருந்துகள் நோயைக் குணமாக்குவதில்லை, அடக்கி வைக்கின்றன. எடுத்தால் அழுத்தம் திரும்பும். நாளம் வழியாகப் பம்பில் ஏற்றும் எப்போபுரோஸ்டெனால் உடம்பில் சில நிமிடங்களே நிற்கும். பம்ப் நின்றால் உடனே ஆபத்து. மாத்திரைகள் அவ்வளவு வேகமில்லை, ஆனால் திசை அதேதான். வருங்காலத்தில் அம்மாவுக்கு மூன்றாவது மருந்தாக செலெக்சிபேக் சேர்க்கக்கூடும். அதைச் சின்ன அளவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றுவார்கள். தாடை வலி, பேதி, தலைவலி வரும். மூன்று நாளோ அதற்கு மேலோ விட்டுப்போனால் பழைய டோஸை அப்படியே எடுக்கக் கூடாது, மருத்துவரிடம் கேட்டுக் குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற வேண்டும்.

நம் ஊரில் மாத்திரை விட்டுப்போவதற்குப் பெரிய காரணம் மனசு இல்லை, மழை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2015-ல் வெள்ளம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம். ஆம்ப்ரிசென்டான் எல்லா மெடிக்கலிலும் கிடைக்கும் மருந்தும் இல்லை. சொல்லி வைத்தால் இரண்டு நாளில் வரவழைப்பார்கள், வெள்ளத்தில் அந்த இரண்டு நாள் பத்து நாளாகும். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு மாத மாத்திரையைக் கூடுதலாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர்கள் மின்சாரம் இல்லாவிட்டாலும் ஓடும் சிலிண்டர் ஒன்றை ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்.

நாளைக்குப் போனில் இப்படிச் சொல்லுங்கள்: ஆம்ப்ரிசென்டான் 10 ஆக்கிய தேதி, வீக்கம் தொடங்கிய தேதி, இன்றைய எடை, கையில் பார்த்த பிரஷர், படுத்தால் மூச்சு எப்படி, நடை முன்பைவிட எப்படி, ஹீமோகுளோபின் இரண்டு எண். கூடவே எக்கோ, என்டி-புரோபிஎன்பி, பொட்டாசியம், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின், ஃபெரிட்டின் இப்போதே பார்க்கலாமா, 5 மில்லிகிராமுக்குத் திரும்புவதா அல்லது நீர் மாத்திரையை மாற்றுவதா என்று கேளுங்கள். அவர்கள் எதைச் சொன்னாலும் அது அம்மாவைப் பார்த்து எடுத்த முடிவாக இருக்கும். முடிவுகள் வந்ததும் எழுதுங்கள் தம்பி, எண்களைப் பார்த்துப் புரியாததை விளக்குகிறேன்.